மாமியார் மாற்றிய சேனல்

"மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது. உங்க அத்தை டிவி பாத்துக்கிட்டிருக்கா."

மாப்பிள்ளை தள்ளி நின்றார். வேலையிலிருந்து வந்த அலுப்பில் சொன்னதைச் செய்துவிட்டார். செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் அந்தப் பேச்சின் அர்த்தம் மண்டையில் ஏறியது. அத்தை என்றால் அவருடைய மாமியார். மாமியார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஹாலில் மாமனாரைத் தவிர ஆள் இல்லை. விளக்கு போடாத அந்தி நேரம். டிவியின் நீல வெளிச்சம் மாமனாரின் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெண் கேக்கின் மேல் கிரீமைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். மாமனார் கேக் பார்க்கிற ஆள் இல்லை. அவருக்குக் குஸ்தி ஒன்றுதான் நிகழ்ச்சி.

"நான் பட்டனை அழுத்திக் குஸ்திதான் வச்சேன்," என்றார் மாமனார், யாரும் கேட்காமலே. "அவ மாத்திட்டா."

"ரிமோட் எங்கே மாமா?"

மாமனார் மோவாயால் காட்டினார். ரிமோட் எட்டாத உயரத்தில், அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை ஒருமுறை கண்சிமிட்டியது. கேக் போய் வேறொரு கேக் வந்தது. மாமனார் திருப்தியோடு தலையாட்டினார். "இதுதான் நல்லாருக்கு," என்றார், பக்கத்தில் இருக்கிற யாரிடமோ சொல்வதுபோல.

சரி, பார்ப்போம் என்று மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த மாத்திரத்தில் டிவி பட்டென்று அணைந்தது.

மாமியாருக்கு உயிரோடு இருந்தபோதே அவரைப் பிடிக்காது.

*

மாப்பிள்ளைக்குப் பல் செட் செய்யும் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் வாய் அச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இல்லாத பற்களைத் தேய்த்து வழவழப்பாக்குவது. மாமனாரின் வாயில் இருப்பதும் அவர் செய்ததுதான். பேய், பிசாசு பற்றியெல்லாம் அவருக்கு அபிப்பிராயமே இருந்ததில்லை. மாமியார் போனபின் மாமனார் யாரோடும் பேசாமல் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டதால், மனைவி அழைத்தாள் என்று அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். அதிலிருந்து மனைவியைத் தவிர எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான், தண்ணீர் கேன் போடுகிறவர் உட்பட.

பழைய டிவிக்கு மொட்டைமாடியில் ஆன்டெனா இருந்தது. மாமனார் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காற்றடித்து ஆன்டெனா திரும்பிக்கொண்டால் அவர்தான் மேலே ஏறுவார். மாமியார் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று குரல் கொடுப்பாராம். பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தப்போகிறார்கள், எல்லா வீட்டிலும் டிஜிட்டல் பாக்ஸ் வைத்தாக வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது மாமனார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒருநாள் சாயங்காலம் செய்தி வாசித்தவர் ஒரு வார்த்தையைப் பாதி வாயில் வைத்திருக்கும்போதே மறைந்துபோனார். அப்புறம் வெறும் புள்ளிகள். மாமனார் அந்தப் புள்ளிகளையும் அதன் இரைச்சலையும் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் மாப்பிள்ளை புது டிவியும் பாக்ஸும் வாங்கி வந்தார். பாக்ஸ்காரர் வந்து மாட்டிவிட்டுப் போன மறுநாளே இந்தக் கூத்து.

மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"அம்மா எங்கேப்பா கேக் நிகழ்ச்சி பாத்தா? அவளுக்குக் கேக்கே பிடிக்காது."

"நீ பள்ளிக்கூடம் போயிருப்பே. உனக்கென்ன தெரியும்?" என்றார் மாமனார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அணைந்து கிடந்த டிவி தானாக உயிர்பெற்றது. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, காதைத் தீட்டிக் கேட்கிற அளவில் போய் நின்றது. மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த பையை நழுவவிட்டு, டிவியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா," என்றாள் சின்னக் குரலில்.

*

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மாப்பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை.

மாமனார் தினமும் முகம் மழித்துக்கொள்ள ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் தேய்த்த சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார். வெளிச்சம் வேண்டும் என்று நாற்காலியைச் சன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பழைய பாட்டு வந்தால் கூடவே முணுமுணுத்தார். ஒரு வருஷமாகப் பேச்சையே மறந்திருந்த மனிதர், "சரி, உன் இஷ்டப்படியே வை", "இது போன வாரம் பாத்ததுதானே" என்று தன்பாட்டுக்குப் பேசிச் சிரித்தார்.

"அப்பா சிரிச்சு எவ்வளவு நாளாச்சு," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் வேலைக்குக் கிளம்பும்போது டிவியிடம் சொல்லிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

மாப்பிள்ளையின் நிலைமைதான் மோசம். அவர் ஹாலுக்குள் கால் வைத்தால் டிவி அணைந்தது. வெளியே போனால் எரிந்தது. ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று கதவோரம் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். உடனே அணைந்தது.

"நீங்க என்ன பண்ணினீங்க அம்மாவை?" என்று மனைவி கேட்டாள்.

"நான் என்னடி பண்ணினேன்?"

"பின்னே உங்களைப் பாத்தா மட்டும் ஏன் அணைக்கறா?"

கல்யாணத்தின்போது மாமியார் தன்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. குளியலறைக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டும். அணைந்த திரையில் தன் உருவம் கறுப்பாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே, சுவரோடு சுவராக ஒட்டி நடந்தார்.

பாக்ஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக்கூடக் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் வேறொரு பாக்ஸை மாட்டினார். புதிய பாக்ஸில் மாமியார் இன்னும் தெளிவாக வந்தார். இப்போதெல்லாம் ஒரு கேக்கிலிருந்து இன்னொரு கேக்குக்குத் தாவ அவருக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார்.

"பிடுங்குவீங்க," என்றாள் மனைவி. "உங்கம்மாவா இருந்தா பிடுங்குவீங்களா?"

*

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு மத்தியான வேளையில். பட்டறையில் பல் தேய்க்கிற இயந்திரம் பழுதாகி, மாப்பிள்ளை சீக்கிரமே வீடு திரும்பினார். ஹாலுக்குப் போனால் அத்தைக்கு ஆகாது என்று சமையலறை வழியாக நுழைந்து, அங்கிருந்த சின்னச் சன்னலருகில் நின்று தண்ணீர் குடித்தார்.

குறுகலான சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மாடி. அங்கே ஒரு பெண்மணி தனியாகக் குடியிருந்தார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவே அவரை லைப்ரரி அம்மா என்றது. அவருடைய டிவி சன்னலை ஒட்டி இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையை நீட்டி ரிமோட்டை அழுத்தினார்.

இங்கே ஹாலில் டிவி சேனல் மாறும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்தார். லைப்ரரி அம்மா மறுபடி அழுத்தினார். இங்கே மறுபடி மாறியது. எட்டிப் பார்த்தார். அங்கே சுவர்க் கண்ணாடியில் தெரிந்த டிவியிலும் கேக், இங்கேயும் அதே கேக். ஒரே மாதிரி பாக்ஸ், ஒரே மாதிரி ரிமோட். அந்த அம்மா நீட்டுகிற ரிமோட்டின் கதிர் அவருடைய டிவியைத் தாண்டி, சந்தைக் கடந்து, திறந்த சன்னல் வழியாக நேரே இந்த ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. பாவம், அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் காலெடுத்தார். கதவிடுக்கில் மாமனார் தெரிந்தார். தேய்த்த சட்டையோடு, டிவியைப் பார்த்து முகம் மலர உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மனுஷனுக்குப் பெண்டாட்டி இரண்டாவது தடவை சாகக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

சொல்ல வேண்டாம். ஆனால் இப்படியே விடவும் முடியாது, அவரும் அந்த வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்க்க வேண்டும். ஆகவே அன்றைக்கே கனமான திரைத்துணி ஒன்றை வாங்கிவந்து ஹால் சன்னலில் மாட்டினார்.

"எதுக்கு இது?" என்றார் மாமனார்.

"வெயில் பட்டா புது டிவி வெளுத்துப்போயிடுமாம் மாமா. பாக்ஸ்காரர் சொன்னார்."

மாமனார் திரையை விலக்கினார். மாப்பிள்ளை மூடினார். மாமனார் மறுபடி விலக்கினார். மாப்பிள்ளை இரண்டு ஓரங்களையும் ஊக்கு போட்டுச் சுவரோடு இறுக்கிவிட்டார்.

அன்றோடு மாமியார் வருவது நின்றுபோனது.

*

மாப்பிள்ளை ஹாலில் காலை நீட்டிச் செய்தி பார்த்தார். எதிலும் நிம்மதி இல்லை. மாமனார் சட்டை மாற்றுவதை விட்டுவிட்டார். நாற்காலியை வாசல் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். மனைவியோ அணைந்த டிவியின் முன்னால் உட்கார்ந்து விம்மினாள்.

"அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. இந்தத் துணியோட நிறம் அவளுக்கு ஆகவே ஆகாது. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அவகிட்ட என்னைக்காவது நாலு வார்த்தை பேசியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

மாப்பிள்ளை இரவெல்லாம் புரண்டார். திரையைக் கழற்றினால் பழைய தொல்லை, மாட்டினால் புதிய தொல்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. பாக்ஸ்காரரிடம் போய் அதே மாதிரி ரிமோட் ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கினார். சமையலறைக் கதவில் கீல் பக்கம் ஒரு இடுக்கு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் டிவி தெரியும், மாமனாரின் முகமும் பக்கவாட்டில் தெரியும்.

மாமனார் அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் குஸ்தி பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இடுக்கில் ரிமோட்டை நீட்டி அழுத்தினார். கேக் வந்தது.

மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பிச் சன்னலைப் பார்த்தார். திரை ஆடாமல் அசையாமல் இறுக்கி மூடியிருந்தது. மறுபடி டிவியைப் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. மாப்பிள்ளை அளவெடுத்துச் செய்து கொடுத்த கீழ்ப்பல் செட் நழுவி மடியில் விழுந்தது.

சந்தோஷத்தில் விக்கித்துப் போய்விட்டார் என்று மாப்பிள்ளைக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"யாரு?" என்றார் மாமனார், பல் இல்லாத வாயால்.

மாப்பிள்ளை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அன்று ராத்திரி மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மனைவி மட்டும், "அம்மா வந்துட்டா, அம்மா வந்துட்டா," என்று வளைய வந்தாள். மாமனார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரோரமாக நகர்ந்தார்.

பல் செட் உறுத்துகிறதோ என்று சந்தேகப்பட்டு, மாப்பிள்ளை அதை வாங்கிப்போய் உள்பக்கம் நைஸாகத் தேய்த்துக் கொண்டுவந்தார். பல் பாந்தமாக உட்கார்ந்தது. மாமனார் பாந்தமான பல்லோடு பட்டினி கிடந்தார்.

சரி, நம் நடிப்பில்தான் கோளாறு, இவர் சம்சாரம் போல நாம் மாற்றவில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர். மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்கம்மா நிஜமா என்னதான் பாப்பாங்க?"

"கேக்கெல்லாம் இல்லைங்க. அப்பா என்னமோ சொல்றார். அம்மா முட்டிவலிக்கு டாக்டர் பேசறதை விடமாட்டா. அப்புறம் கறுப்பு வெள்ளைப் படம். விளம்பரம் வந்தா உடனே சத்தத்தைச் சுத்தமா நிறுத்திடுவா. அப்பா கண்ணசந்தா, வேணும்னே சத்தத்தை ஏத்தி எழுப்பி விடுவா."

மாப்பிள்ளை எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் அந்த வீட்டு டிவியில் முட்டிவலி டாக்டர் பேசினார். கறுப்பு வெள்ளையில் யாரோ யாரையோ நினைத்து அழுதார்கள். விளம்பரம் வந்த நொடியில் ஹால் முழுவதும் நிசப்தமானது, சுவர்க்கடிகாரத்தின் ஓசை மட்டும் கேட்டது. மாமனார் கண்ணசந்தால் டிவி அலறியது. ஒவ்வொன்றுக்கும் மாமனார் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார். ஒருநாள் சன்னல் திரையின் ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இன்னொரு நாள் மாமியாரின் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்று, "தப்பா எடுத்துக்காதே. சும்மா பேச்சுத் துணைக்குத்தான்," என்று சொன்னது மாப்பிள்ளைக்கு இடுக்கு வழியாகக் கேட்டது. குஸ்தி பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார் போலிருக்கிறது, என்ன ஒரு பிரியம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பிரியம் மாமனாரைக் கரைத்துக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போனது. கண் குழிக்குள் போனது. படுக்கையை ஹாலிலிருந்து உள்ளறைக்கு மாற்றிக்கொண்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பழைய டிவியே நல்லாருந்தது. புள்ளியா இருந்தாலும் பரவாயில்லை, அதையே வச்சுடுங்க மாப்பிள்ளை," என்றார். கை சில்லென்று இருந்தது. டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை, மனசில் என்னவோ இருக்கிறது, இப்படியே சாப்பிடாமல் போனால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அம்மா கூப்பிடறாளோன்னு பயமா இருக்குங்க."

மாப்பிள்ளைக்குச் சட்டைப்பையில் இருந்த ரிமோட் கனத்தது. தன்னால் இனி முடியாது என்று புரிந்தது. எவ்வளவு அச்சு அசலாகச் செய்தாலும் தன் கையில் அந்த உயிர் வரவில்லை. முதலில் வந்த அந்த வேகம், அந்தக் கேக், அந்தச் சிரிப்பு எதுவும் வரவில்லை. அதைக் கொண்டுவரக்கூடிய கை சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போய்க் காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டியதுதான்.

ஊக்குகளைப் பிடுங்கித் திரையைச் சுருட்டி எறிந்துவிட்டு, எதிர்வீட்டு மாடிப்படி ஏறினார்.

*

லைப்ரரி அம்மா கதவைத் திறந்து, அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, உள்ளே வரச் சொன்னார். அறை முழுக்கப் புத்தகங்கள், அடுக்கியும் அடுக்காமலும். சன்னலோரம் அந்த டிவி. அதன் மேல் கிடந்த ரிமோட்டில் மெல்லிய தூசி படிந்திருந்தது.

"உக்காருங்க தம்பி. மாமனாருக்கு எப்படி இருக்கு?"

"அவர் விஷயமாத்தான் வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நீங்க இங்கே சேனல் மாத்தினா, எங்க ஹால்லயும் மாறும். உங்க ரிமோட் எங்க பாக்ஸுக்கும் வேலை செய்யுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

லைப்ரரி அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"அதை எங்க மாமனார் அவர் சம்சாரம்தான் வந்து மாத்தறாங்கன்னு நம்பிட்டார்," என்றார் மாப்பிள்ளை. "சிரிச்சார், பேசினார், ஒரு வருஷத்துக்கப்புறம் மனுஷனா ஆனார். நான் முட்டாள்தனமா திரையைப் போட்டுக் கெடுத்துட்டேன். இப்ப ஆளே பாதியா உருகிட்டார். திரையை எடுத்துட்டேன். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், நீங்க பழையபடி மாத்துங்க. கேக்கே வையுங்க. அவருக்கு உண்மை மட்டும் தெரிய வேண்டாம், தாங்கமாட்டார்."

லைப்ரரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சன்னலை இழுத்துச் சாத்தினார். எதிர் ஹாலில் இருக்கிற யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாத்தறதும் உங்க தலை தெரிஞ்சா அணைக்கறதும் நான்தான்னு அவருக்கு முதல் நாளே தெரியும் தம்பி, எங்க சிநேகிதம் வெளியே தெரியக்கூடாதுன்னுதான் வீட்டுல சம்சாரம் வந்திருக்கான்னு சொல்லி வச்சார், இப்ப நீங்க திரை போட்டு, நான் ரிமோட்டைத் தொடாம இருக்கும்போதும் தானா மாறுதுன்னு வாசல்ல வச்சு என்கிட்ட சொன்னார், அதைப் பாத்து அந்தம்மா நிஜமாவே வந்துட்டாங்கன்னுதான் மனுஷன் பயந்து சாகறார்."